அப்புக்காத்தர் என்ற உடும்பு

கதிரேசு நத்தை வாங்குகிறார் என்ற கதை பல்லரோச் சந்தைக்குள் பரவுவதற்கு இரண்டு கிழமைகூட எடுக்கவில்லை.

யூலை மாதத்தில் பலெர்மோக்காரர் நத்தையை உள்ளி போட்டு வதக்கி, ஓட்டில் வாயை வைத்து உறிஞ்சி உறிஞ்சித் தின்பார்கள். அது அவர்கள் பாடு. ஆனால் ஒரு தமிழன், அதுவும் தனியாகச் சமைத்துத் தின்கிற ஐம்பத்தொன்பது வயது மனிதர், கிழமைக்கு இரண்டு தரம் கூடைக்காரிக்கு முன்னால் குந்தியிருந்து உயிர் நத்தையாகப் பொறுக்கினால் சனம் சும்மா இருக்குமா? எங்கள் சனத்துக்கு விசாப் பத்திரம் கொடுக்கிற பொலிஸ் கந்தோர், குவெஸ்தூரா வாசலில் விடியற்காலையிலிருந்து வரிசையில் நிற்கப் பொறுமை உண்டு. பக்கத்து வீட்டு அடுப்பில் என்ன வேகிறதென்று தெரியாமல் ஒரு நாள் இருக்கச் சொன்னால்தான் மூச்சு முட்டும்.

கேட்டவன் நகுலேஸ்வரன். சந்தை முடிகிற மூலையில் தமிழ்ச் சாமான் கடை வைத்திருப்பவன். கதிரேசு வழக்கம்போல முட்டைத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு நிற்க, கடையில் நின்ற நாலு பேருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டான்.

“என்ன அண்ணை, இத்தாலிக்காரனா மாறியிட்டியள் போலை. நத்தையும் இறங்குதோ?”

நாலு பேரும் சிரித்தார்கள். கதிரேசுவுக்குக் காது சூடாகிவிட்டது.

“சீ, எனக்கில்லையடாப்பா. வீட்டிலை ஒரு உடும்பு நிக்குது. அதுக்குத்தான்.”

சிரிப்பு நின்றது. “உடும்போ? பலெர்மோவிலையோ?”

“ஓம். நாலடி வரும்.”

மானத்தைக் காப்பாற்றச் சொன்ன சொல் அது. அதனால் என்னென்ன வரப்போகிறது என்று அப்போது தெரிந்திருந்தால், மனிதர் நத்தை தின்கிறேன் என்றே ஒப்புக்கொண்டு பேசாமல் வீட்டுக்குப் போயிருப்பார்.

உடும்பு முதலில் அவருடையதாக இருக்கவில்லை. கப்பலில் எஞ்சினியராக இருந்து ஓய்வெடுத்த சிஞோர் அன்செல்மோ என்ற கிழவரை ஆறு வருடம் கதிரேசுதான் பார்த்துக்கொண்டார். குளிக்க வார்ப்பார், மருந்து கொடுப்பார், பின்னேரத்தில் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய்க் கடலைக் காட்டுவார். கிழவர் ஆசைக்கு வளர்த்த பிராணி அது. ஆபிரிக்க உடும்பு, எங்கள் ஊர் உடும்புக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கழுத்தை நீட்டி, எதிராளி எப்போது பிழை விடுவான் என்று காத்திருக்கிற வழக்கறிஞர் மாதிரிப் பார்க்கும் என்பதால் கிழவர் அதற்கு ‘அவ்வொக்காத்தோ’ என்று பெயர் வைத்திருந்தார். கதிரேசு தன் வாய்க்கு வசதியாக அதை அப்புக்காத்தர் ஆக்கிக்கொண்டார்.

வன்னியில், விசுவமடுவில் இளந்தாரியாக இருந்த காலத்தில் நாயையும் கூட்டிக்கொண்டு காட்டுக்குப் போய், உடும்பு பிடித்து, உரித்து, பங்கு போட்டவர் கதிரேசு. அப்புக்காத்தரை முதல்முதல் கண்ட அன்று அவருடைய மனதுக்கு வந்தது மிளகுத்தூள்தான். அதைச் சொல்ல அவர் வெட்கப்பட்டதும் இல்லை. ஆனால் ஆறு வருடம் ஒரு உயிருக்குத் தீனி போட்டால் மிளகுத்தூள் மறந்துபோகிறது. மூன்று வருடத்துக்கு முன் ஊரில் அவருடைய மனைவி இலட்சுமிப்பிள்ளை செத்துப்போனாள். இங்கே இருப்பதற்கான அனுமதிப் பத்திரத்தை, அந்தப் பெர்மெஸோவை, புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம்; நாட்டை விட்டுப் போனால் திரும்பி வரமுடியாது. சிஞோரின் அடுப்படியில் நின்று, கைத்தொலைபேசியில் அவளுடைய செத்தவீட்டைப் பார்த்தார். அவர் அழுததைக் கண்டது அன்றைக்கு மேசைக்குக் கீழே கிடந்த அப்புக்காத்தர் மட்டும்தான்.

போன மாசியில் சிஞோரும் போய்ச் சேர்ந்தார். தொரினோவிலிருந்து வந்த மகள் மூன்று நாளில் வீட்டைக் காலிசெய்தாள். நல்ல பெண். நாற்காலி வேணுமா, கம்பளிக் கோட்டு வேணுமா என்று கேட்டவளுக்குக் கதிரேசு உடும்புக் கூட்டைக் காட்டினார். இப்படிப்பட்ட பிராணியை வைத்திருக்கப் பத்திரம் வேண்டுமாம். அவளே வனப் பொலிசின் கந்தோருக்கு அலைந்து பெயரை மாற்றிக் கொடுத்தாள். கதிரேசுவின் பெர்மெஸோ மறுபடி புதுப்பிக்கப் போய்ப் பத்து மாதமாக வரவில்லை. அப்புக்காத்தரின் பத்திரம் நாலே கிழமையில் முத்திரையோடு வந்தது. உரிமையாளர் சின்னத்தம்பி கதிரேசு என்று அதில் அச்சடித்திருந்தது. அதை அவர் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தார்.

அவர் இருந்தது சந்தைக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில், தெருவோடு ஒட்டின ஒற்றை அறை. பாதி அறை அப்புக்காத்தரின் கூட்டுக்கும் சூட்டு விளக்குக்கும் போய்விட்டது. பகலில் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில் சட்டி பானை கழுவிவிட்டு, பின்னேரம் பஸ்ஸில் வந்து கூட்டைத் திறப்பார். அப்புக்காத்தர் அசைந்து அசைந்து வந்து, சாய்ந்து கிடக்கிற கதிரேசுவின் வயிற்றில் ஏறிப் படுப்பார். இதை அன்பு என்று நினைக்கக் கதிரேசு முட்டாள் இல்லை. அந்தச் சாதிக்குச் சூடு வேண்டும், இவருடைய வயிறு சூடாக இருந்தது, விசயம் அவ்வளவுதான். ஆனாலும் அவருடைய உடம்புச் சூடு ஒருவருக்குத் தேவைப்பட்டு எத்தனையோ வருடமாகியிருந்தது.

ஏனென்றால் அந்த அறைக்கு ஆள் வருவதில்லை. யுத்தம் முடிந்த பிறகு வன்னியிலிருந்து சொந்தபந்தம் யாருமில்லாமல் வந்து சேர்ந்தவர். இங்கே முந்தி வந்தவர்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள். ஊர் ஊராக, குடும்பம் குடும்பமாக இருந்தார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, இவரைக் கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவே. கோயில் திருவிழாவில் பின்பக்கம் நின்று கிடாரம் கழுவிவிட்டு வருவார். எட்டு வருடத்தில் அவருடைய கதவைத் தட்டினவர்கள் மீற்றர் பார்க்க வந்தவனும், வீடு மாறிப் பீட்சா கொண்டுவந்த ஒரு பெடியனும்தான்.

அந்தக் கதவை அடுத்த ஞாயிற்றுக்கிழமை நகுலேஸ்வரன் தட்டினான். கூடவே சுரேஸ், அவன் பெண்சாதி அமலினி, அவர்களின் ஐந்து வயது மகள். சுரேஸ் சியாகுல்லியில் மந்தரீனோத் தோடம்பழத் தோட்டத்தில் வேலை செய்பவன். “உடும்பு பாக்க வந்தனாங்கள் அண்ணை,” என்றார்கள். கையில் ஒரு பை மிக்சர் இருந்தது. கதிரேசு தடுமாறிப்போனார். இருந்தது இரண்டே கதிரை. பக்கத்து வீட்டு சிஞோரா கொன்செத்தாவிடம் ஓடிப்போய் மூன்று பிளாஸ்டிக் கதிரை இரவல் வாங்கிவந்தார்.

அதற்கடுத்த ஞாயிறு இராஜநாயகம் வந்தார். முப்பது வருடமாகப் பலெர்மோவில் இருக்கிறவர், கோயில் சபையில் பெரிய தலை. இவ்வளவு காலமும் கதிரேசுவை ‘அந்த வன்னிப் பக்கத்தாள்’ என்று மட்டுமே தெரிந்து வைத்திருந்தவர், பொல்லை ஊன்றிக்கொண்டு, இழுப்பு இழுக்க இழுக்க ஒழுங்கைக்குள் நடந்து வந்தார். கூட்டுக்கு முன்னால் குனிந்து நின்று, “அடேயப்பா, என்ன வாட்டசாட்டம்!” என்றார். தன் பிள்ளையை யாரோ புகழ்ந்த மாதிரிக் கதிரேசுவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

பிறகு ஞாயிறு தவறியதில்லை. முந்நூற்றிநாலு என்கிற சீட்டு விளையாட நாலு கை வேண்டும். நாலாவது கை கதிரேசு. இராஜநாயகத்துக்கு அவர்தான் கூட்டாளி. “கதிரேசுவிட்டைத் துரும்பு இருக்கெண்டால் முகத்திலையே எழுதியிருக்குமடா,” என்று மற்றவர்கள் பகிடி பண்ணுவார்கள். நீலப் பூப்போட்ட ஆறு தேத்தண்ணிக் கோப்பை புதிதாக வாங்கினார். ஒரு நாள் ஒடியல் கூழ் காய்ச்சினார். இராஜநாயகம் மூன்று தரம் வாங்கிக் குடித்தார். அப்புக்காத்தர் மேசைமேல் ஏறி நின்று சீட்டைப் பார்க்க, சுரேஸின் மகள் “ciao bello” என்று அதன் தலையில் முத்தமிட்டுக் கொஞ்சுவாள். இரவு படுக்கும்போது கதிரேசு இலட்சுமிப்பிள்ளையின் படத்தைப் பார்த்து, “இண்டைக்கும் சனம் வந்ததப்பா,” என்று சொல்லுவார். அந்த மூன்று மாதமும் அவர் சந்தோசமாக இருந்தார். வேறு எப்படிச் சொல்வது?

அக்டோபரில் ஒரு ஞாயிறு, சீட்டைக் குலுக்கிக்கொண்டே இராஜநாயகம் சொன்னார்.

“குளிருக்கு முன்னம் செய்துபோட வேணும் கதிரேசு. பேந்து மெலிஞ்சு போகும்.”

“எது அண்ணை?”

இராஜநாயகம் நாடியால் கூட்டைக் காட்டினார்.

கதிரேசு அப்போதும் விளங்காதவர்போல இருந்தார். சுரேஸ் விளங்கப்படுத்தினான். “தோட்டத்துக்குள்ளை ஒரு கொட்டில் இருக்கண்ணை. அங்கை அடுப்பு மூட்டினா ஒருத்தருக்கும் தெரியாது. எல்லாரும் ஒரு நாளைக்குப் போய் நிண்டு, சமைச்சுச் சாப்பிட்டு வருவம்.”

“நான் தூள் வறுத்து வச்சிருக்கிறன்,” என்றாள் அமலினி.

“எங்களுக்கு உரிக்க வெட்டத் தெரியாது. நீர் வன்னியான், உமக்குத்தான் கைவந்த வேலை,” என்றார் இராஜநாயகம். “வால் மட்டும் ரெண்டு கிலோ தேறும். எனக்கு இந்த இழுப்புக்கு உடும்பு இறைச்சியைப்போலை மருந்தில்லை எண்டு ஊரிலை சொல்லுவினம். வெளிநாட்டுக்கு வந்து இது கிடைக்குமெண்டு நான் கனவிலையும் நினைக்கேல்லை.” அவர் குரலில் சூதுவாது இல்லை. உண்மையாகவே நன்றியோடுதான் சொன்னார்.

கதிரேசு சீட்டைக் கவிழ்த்து வைத்தார். “இதுக்குப் பத்திரம் இருக்கண்ணை. வனப் பொலிசுக்குக் கணக்குக் காட்டவேணும்.”

“செத்துப்போச்சு எண்டு எழுதிக் குடுங்கோவன்,” என்றான் சுரேஸ். “அவங்கள் என்ன, மரண விசாரணையே வைக்கப் போறாங்கள்?”

எல்லாரும் சிரித்தார்கள். கதிரேசுவும் சிரித்துவைத்தார். “அடுத்த ஞாயிறு பாப்பம்,” என்றார்.

அவர்கள் போன பிறகு அவருக்குக் கோபம் வந்திருந்தால் நல்லது. வரவில்லை. வெட்கம்தான் வந்தது. தன்னைப் பார்க்க வந்தார்கள் என்று நம்பிக் கோப்பை வாங்கினாரே, அந்த வெட்கம். ஞாயிற்றுக்கு ஞாயிறு வந்து வாலையும் தொடையையும் கண்ணால் நிறுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் வாய் வரவில்லை. உடும்பு நிற்குது என்று சொன்னது அவர். காட்டில் பிடித்துத் தின்ற கதைகளைக் கை காட்டிக் காட்டிச் சொன்னதும் அவர்தான். ஒரு வன்னியான் மூன்று மாதம் முட்டை கொடுத்து உடும்பு வளர்த்தால், கொழுக்க வைக்கிறான் என்று நினைக்காமல் வேறு என்ன நினைப்பார்கள்?

அந்தக் கிழமை முழுவதும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. இல்லை, தரமாட்டேன் என்று சொல்லலாம். சொன்னால், பெரிய மனிதர் வாய்விட்டுக் கேட்ட மருந்தைக் கொடுக்காமல் ஒரு ஊர்வனவைப் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்று போய்விடுவார்கள். பிறகு ஞாயிறு இல்லை, முந்நூற்றிநாலு இல்லை. போனால் போகட்டும் என்று சொல்வதற்குக் கைவசம் வேறு மனிதர் இருக்கவேண்டும், அவருக்கு இருக்கவில்லை. புதன்கிழமை வேலைத்தலத்தில் மீன் வெட்டுகிற கத்தியைத் தீட்டி, துணியில் சுற்றிக் கொண்டும் வந்துவிட்டார். பெட்டிக்கு மேலே கத்தியை வைத்துவிட்டுக் கூட்டைத் திறந்தார். அப்புக்காத்தர் கத்தியைத் தாண்டி, அசைந்து அசைந்து வந்து, வழக்கமான இடத்தில் ஏறிப் படுத்தார். மனிதருக்கு அழுகை வந்துவிட்டது. வியாழன் காலை கத்தியைக் கொண்டுபோய் இருந்த இடத்தில் வைத்தார்.

வெள்ளிக்கிழமை சட்டி கழுவிக்கொண்டு நிற்கும்போதுதான் அந்த யோசனை வந்தது. கபரக்கொய்யா!

ஊரில் குளக்கரையிலும் வாய்க்காலிலும் திரிகிற பெரிய சாமான் அது. பார்வைக்கு உடும்பின் தமையன். ஆனால் உடும்பை ருசித்துத் தின்கிறவன் கபரக்கொய்யா பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டான். அதன் கொழுப்பில் ஒரு சொட்டுச் சோற்றில் பட்டாலும் ஆள் முடிந்தான் என்றும், எச்சில் பட்டால் தோல் உரியும் என்றும் சின்ன வயதிலிருந்தே சொல்லிச் சொல்லி வளர்த்திருப்பார்கள். உண்மையோ பொய்யோ, யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. யாழ்ப்பாணப் பட்டணத்து ஆட்களுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. வன்னியான் சொன்னால் அதுதான் தீர்ப்பு. தெரியாமல் பிழையாகச் சொல்லிப்போட்டேன் என்று சொல்லிவிட்டால் போதும். அப்புக்காத்தர் தப்பிவிடுவார், யாருக்கும் மனத்தாங்கல் இல்லை, சீட்டாட்டம் அதுபாட்டுக்கு நடக்கும். கதிரேசு தன் கெட்டித்தனத்தை நினைத்துப் பஸ்ஸில் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தார்.

ஞாயிறு மத்தியானம் எல்லாரும் வந்தார்கள். சுரேஸ் வானில் சாக்கும் கயிறும் கொண்டுவந்திருந்தான். கதிரேசு ஆறு கோப்பையிலும் தேத்தண்ணியை ஊற்றிக் கொடுத்து, பெரியவர்கள் எல்லாரும் ஒரு வாய் குடிக்கும்வரை பொறுத்திருந்தார்.

“ஒரு பிழை நடந்துபோச்சு அண்ணை,” என்றார். “நான் வடிவாப் பாக்காமல் சொல்லிப்போட்டன். இது உடும்பில்லை. கபரக்கொய்யா.”

கதிரேசு எழும்பிப் போய்க் கூட்டைக் காட்டினார்.

“முதுகிலை பாருங்கோ, மஞ்சள் பொட்டு. உடும்புக்கு இப்பிடி வராது. எனக்கே நேற்றுத்தான் சந்தேகம் வந்தது.”

பொட்டு இருக்கத்தான் செய்தது. ஆபிரிக்கச் சாதிக்கு அப்படி இருக்கும். நாலு பேரும் தூரத்தில் நின்றே எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் முகத்திலும் கோபம் இல்லை. கதிரேசுவுக்கு நெஞ்சில் இருந்த பாறாங்கல் இறங்கியது. “சரி, கறி இல்லாட்டி என்ன? வாங்கோ, ஒரு கை போடுவம்,” என்று சீட்டை எடுத்தார்.

இராஜநாயகம் தன் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்தார்.

“கதிரேசு,” என்றார் மெல்ல. “இது உந்த மேசையிலை ஏறுறதல்லோ?”

அப்போதுதான் கதிரேசுவுக்கு உறைத்தது.

“நாங்கள் கூழ் குடிச்சனாங்களல்லோ இஞ்சை?”

அமலினி எழும்பினாள். மகளைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடி, பிள்ளையின் வாயையும் கையையும் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாள். பிள்ளை வீரிட்டு அழுதது. “அது ஒண்டும் செய்யாது பிள்ளை, நான் ஆறு வருசமா…” என்று தொடங்கின கதிரேசு பாதியில் நிறுத்திக்கொண்டார். அதை முடித்தால் சாக்கும் கயிறும் உள்ளே வரும். இராஜநாயகம் கோப்பையைத் தரையில், சுவரோரமாக வைத்துவிட்டுப் பொல்லை எடுத்தார். வாசலில் நின்று, “போட்டு வாறம்,” என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

மேசையில் மூன்று, தரையில் ஒன்று, தன் கையில் ஒன்று, பிள்ளை வாய் வைக்காத கோப்பை ஒன்று. கதிரேசு ஆறையும் கழுவிக் கவிழ்த்தார்.

திங்கள் பின்னேரம் தொலைபேசி அடித்தது. இராஜநாயகம்.

“கதிரேசு, எனக்கு நாக்கு ஒரு மாதிரித் தடிச்சுக் கிடக்குது. நீர் வன்னியான், உங்கடை பக்கம் இதுக்கு ஏதும் கைமருந்து இருக்குமே? இஞ்சை டொக்டரிட்டைப் போய் என்னெண்டு சொல்லுறது?”

ஒரே வார்த்தை போதும். அண்ணை, பயப்பிடாதேங்கோ, அது உடும்புதான். கிழவருடைய பயம் தெளிந்துவிடும், ஞாயிறு கதவு தட்டப்படும், சீட்டுப் போடப்படும். கதிரேசு குனிந்து பார்த்தார். வயிற்றில் அப்புக்காத்தர் நாடியை வைத்துக் கண்ணை மூடிக் கிடந்தார்.

“மல்லியும் வேர்க்கொம்பும் மஞ்சளும் அவிச்சு, காலமை வெறும் வயித்திலை குடியுங்கோ அண்ணை,” என்றார். “ஒன்பது நாள். ஒண்டுக்கும் பயமில்லை.” பிறகு ஏன் சொன்னார் என்று அவருக்கே தெரியாது, வாய் தானாகச் சொன்னது. “ஆனா ஒவ்வொரு நாளும் நாக்கு எப்பிடி இருக்கெண்டு எனக்குச் சொல்லவேணும்.”

செவ்வாய்க்கிழமை நகுலேஸ்வரன் தொலைபேசி எடுத்தான். அவனுக்குக் கையில் ஒரே கடி, சொறிந்து மாளவில்லை. அமலினி எடுத்து, பிள்ளைக்கு எத்தனை கரண்டி கொடுக்கலாம் என்று கேட்டாள். எல்லாருக்கும் அதே மல்லித்தண்ணிதான், எல்லாருக்கும் அதே கட்டளைதான். பின்னேரமானால் கதிரேசு கைத்தொலைபேசியை நெஞ்சில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். ஒவ்வொருவராக எடுப்பார்கள். இராஜநாயகம் நாக்கில் தொடங்கி, மிலானோவில் இருக்கிற மகன் தன்னோடு கதைப்பதில்லை என்பதுவரை வந்துவிட்டார். ஒரு நாள் முக்கால் மணித்தியாலம் கதைத்தார்கள். வீட்டுக்கு வருகிறேன் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. கடையில் நகுலேஸ்வரன் முட்டைத் தட்டைக் கையில் தராமல் மேசையில் வைத்துத் தள்ளிவிட்டான். ஆனால் தொலைபேசியில் “அண்ணை” என்று வாய்நிறையக் கூப்பிட்டான்.

ஒன்பதாம் நாள் இராஜநாயகம் சொன்னார். “நல்லாயிட்டுது கதிரேசு. இழுப்பும் கொஞ்சம் குறைவு. பெரிய உதவி செய்தீர். கடவுள் உம்மை நல்லா வச்சிருக்கட்டும்.”

“ஞாயிறு…” என்றார் கதிரேசு.

“ஓம், பாப்பம். பாப்பம்,” என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

பத்தாம் நாள் வேலையால் வந்து, இரவல் கதிரை மூன்றையும் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி சிஞோரா கொன்செத்தாவிடம் கொடுத்தார். “விருந்தாட்கள் போய்விட்டார்களா?” என்று அவள் கேட்டாள். போய்விட்டார்கள் என்றார். திரும்பிவந்து கூட்டைத் திறந்துவிட்டுப் படுத்தார். அப்புக்காத்தர் ஏறிவந்தார். கைத்தொலைபேசியை எடுத்து, சத்தம் குறைந்து கிடக்கிறதோ என்று ஒருக்கால் பார்த்தார். குறையவில்லை. ஆறு மணியாயிற்று. பிறகு ஏழு.

“விசரன் நான்,” என்றார் கதிரேசு, அந்தக் கரடுமுரடான முதுகைத் தடவிக்கொண்டு. “ஒன்பது நாள் எண்டிட்டன், அப்புக்காத்தர். ஒரு மண்டலம் எண்டு சொல்லியிருக்கவேணும். நாப்பத்தெட்டு நாள் போன் எடுத்திருப்பினம்.”